சைக்கிள் வீட்டில் நின்ற நாட்கள்: ஒரு கபடிப் பிள்ளையின் நிகழ்வு ஆய்வு

"பிள்ளை வீட்டுக்கு வந்தா அப்படியே சாஞ்சிடுது சார். ஒரு குடம் தண்ணி எடுத்தாடின்னா காலு வலிக்குதுங்குது. கபடி கபடின்னு இருக்குற தெம்பையெல்லாம் நீங்களே வாங்கிக்கிறீங்க."

2024 ஜூலை மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், விளையாட்டு அறை வாசலில் நின்று ஓர் அம்மா இப்படிச் சொன்னார். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையோர ஊர் ஒன்றில் அரசுப் பள்ளி. நான் அங்கே உடற்கல்வி ஆசிரியர், அதாவது பி.டி. சார். குறை சொல்லப்பட்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பு, வயது 14. ஜூன் கடைசியில் கபடி அணிக்கு எடுத்திருந்தேன். வாரத்தில் நான்கு நாள், மாலை நாலரை முதல் ஐந்தே முக்கால் வரை பயிற்சி. குறுவட்டப் போட்டிக்கு ஆள் தேற்றிக்கொண்டிருந்த நேரம். அந்த அம்மா சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பழைய கேள்வி ஒளிந்திருந்தது: ஓரிடத்தில் கூடுதலாக ஓடும் பிள்ளை, இன்னோர் இடத்தில் அந்த அளவுக்கு உட்கார்ந்துவிடுகிறதா?

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், பெயர் எதுவும் வேண்டாம் என்றார்கள். பெண்ணைத் தங்கை என்றும், அதே பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் அவள் அண்ணனை அண்ணன் என்றும் குறிப்பிடுகிறேன். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் (ஊரில் டிபிசி என்பார்கள்) மூட்டை தூக்குகிறார். வேலை இல்லாத மாதங்களில் கிடைத்ததைச் செய்வார். அம்மா நடவு, களை, நூறு நாள் வேலை என்று போகிறவர். வீட்டில் அப்பாயி உண்டு. வீட்டுக்கும் பள்ளிக்கும் நாலு கிலோமீட்டர். தங்கை ஓட்டுவது சித்தப்பா மகள் ஓட்டித் தேய்த்த பழைய சைக்கிள்.

முதலில் மனதில் வந்தது

சத்தியமாகச் சொன்னால், அம்மா பேசி முடிப்பதற்குள் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். 1998இல் தாமஸ் ரோலண்ட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஒரு கருத்தை முன்வைத்தார். பசியையும் உடல் சூட்டையும் மூளை ஓர் அளவில் வைத்துக்கொள்வதைப் போல, ஒரு நாளில் எவ்வளவு அசைய வேண்டும் என்பதற்கும் உள்ளே ஓர் அளவுகோல் இருக்கலாம் என்பது அது. காலையில் அதிகம் ஓடினால் மாலையில் உடம்பே பிரேக் போட்டுவிடும். இங்கிலாந்தில் பிளிமத் நகரை ஒட்டிய மூன்று பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தபோது இந்தக் கருத்துக்கு வலு கூடியது. ஒரு பள்ளியில் வாரம் 9 மணி நேரம் உடற்கல்வி. மற்ற இரண்டில் 2.2 மணியும் 1.8 மணியும். 215 பிள்ளைகளின் உடம்பில் அசைவைப் பதியும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். ஒன்பது மணி நேரப் பள்ளியின் பிள்ளைகள் பள்ளிக்குள் மற்றவர்களைவிட எக்கச்சக்கமாக அசைந்திருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஒரு வாரத்து மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் மூன்று பள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பி.டி. ஆசிரியராக இருப்பவனுக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கிற செய்தி. நாம் கொடுப்பதையெல்லாம் பிள்ளையின் உடம்பு மாலையில் கழித்துவிடுமென்றால், விசிலைக் கழற்றி வைத்துவிட்டுக் கணக்கு சாருக்கு பீரியடைக் கொடுத்துவிடலாமே. (பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் அந்தக் கதைதான் நடக்கிறது. கேட்கிறவரிடம் பல்லைக் காட்டிக் கொடுத்துவிடுகிற நானும் அதில் பங்காளி.)

இன்னொரு ஐயமும் இருந்தது. பதினான்கு வயதுப் பெண் "அசதி" என்றால் முதலில் இரும்புச்சத்தைத்தான் நினைக்க வேண்டும். பள்ளியில் கொடுக்கும் வார மாத்திரையை விழுங்கினாயா என்று கேட்டேன். தலையை மேலும் கீழும் ஆட்டி, பக்கவாட்டிலும் ஆட்டினாள். அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மாவோடு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 11.2. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் சோகை. இது லேசான சோகை. மாத்திரையும் குடற்புழு மருந்தும் கொடுத்தார்கள். "விளையாடலாமா டாக்டர்" என்று அம்மா கேட்டதற்கு, "தாராளமா, ஆனா நல்லா சாப்பிட்டுட்டு விளையாடணும்" என்று பதில் வந்திருக்கிறது.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் இது "சோகையால் சோர்ந்த பிள்ளை" என்று ஒரு வரியில் முடிந்திருக்கும்.

நாட்குறிப்பு

போன வருடத்து லாங் சைஸ் நோட்டில் பின்பக்கம் பாதி காலியாக இருந்தது. அதில் இரண்டு வாரம் எழுதச் சொன்னேன். எதைச் சாப்பிட்டாய், எத்தனை கலோரி என்றெல்லாம் இல்லை. எழுந்தது முதல் படுக்கிற வரை எங்கே இருந்தாய், எப்படிப் போனாய், நின்றாயா, உட்கார்ந்தாயா, ஓடினாயா என்பது மட்டும். அவளுக்குக் கை பழக இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாளிலிருந்து சரளம். "5.50 எந்திரிச்சேன். 6.00 வாசல் தெளிச்சேன். கோலம்." "12.50 சாப்பாடு. வேப்பமரத்தடி. சும்மா."

பயிற்சி இருந்த நாட்களை ஒரு பக்கமும், இல்லாத புதனையும் சனியையும் இன்னொரு பக்கமும் பிரித்து வைத்தேன். (அந்த இரண்டு சனிக்கிழமையும் பள்ளி இருந்தது.) அப்புறம்தான் கண்ணில் பட்டது.

புதன்கிழமை: காலையில் சைக்கிளில் இருபது நிமிடம். மதியம் சாப்பிட்ட பிறகு மைதானத்து ஓரத்தில் கால் மணி நேரம் ஓடிப்பிடித்து. மாலை சைக்கிளில் இருபது நிமிடம். வீட்டுக்கு வந்து தெருக்குழாயில் இரண்டு குடம், கடைக்கு ஒரு நடை, பிறகு தெருப் பொடிசுகளோடு கல்லா மண்ணா, விளக்கு வைக்கும் வரை.

வியாழக்கிழமை, பயிற்சி நாள்: காலையில் "அப்பா பைக்ல விட்டாங்க". மதியம் "வேப்பமரத்தடி. சும்மா". மாலை கபடி. இரவு "அப்பா பைக்ல வந்தாங்க". பிறகு டிவி, சாப்பாடு, படுக்கை.

பயிற்சி நாள் அத்தனையிலும் இதே வரிசை. ஏன் பைக் என்று கேட்டேன். பயிற்சி முடிந்து கிளம்பும்போது ஆறு ஆகிவிடுகிறது. ஆற்றங்கரைச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குத் தெருவிளக்கு கிடையாது. ஆடி மாதத்தில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும்தான். இருந்தாலும் வயசுப் பிள்ளையை அந்த நேரத்தில் தனியாக விட வீட்டில் யாருக்கும் மனமில்லை. மாலையில் அப்பா வந்து கூட்டிப்போவதாக இருந்தால் காலையிலும் அவர்தான் கொண்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சைக்கிள் பள்ளியிலேயே கிடக்கும். ஆக, கபடிக்குச் சேர்ந்த அன்றே நாற்பது நிமிட மிதிப்பு வீட்டில் நின்றுவிட்டது.

மதியம் ஏன் மரத்தடி? இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, டீம்ல இருக்கறவங்க மத்தியானம் ஓடிக் களைச்சுப் போகக் கூடாதுன்னு."

சொல்லியிருக்கிறேன். எனக்கே ஞாபகம் இல்லை. பதினாறு பிள்ளைகளும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, எழுபத்தைந்து நிமிடக் கபடி இதையெல்லாம் ஈடுகட்டாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் மாலை யாருக்கும் சொல்லாமல் செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்து அவளை மட்டும் கவனித்தேன். அவள் அசையும்போது ஓடவிட்டேன், நின்றால் நிறுத்தினேன். பதினாறு பேருக்கு ஒரே தளம். பாடிப் போவது ஒருத்தி. பிடிக்க நிற்பது ஏழு பேர். மீதிப் பேர் கோட்டுக்கு வெளியே கைதட்டிக்கொண்டு நிற்பார்கள். இவள் இன்னும் முதல் ஏழில் இடம்பிடிக்காதவள், அதனால் பெரும்பாலும் கைதட்டும் கூட்டத்தில்தான் இருந்தாள். தொடக்க ஓட்டத்தையும் சேர்த்து அவள் மூச்சு வாங்க அசைந்தது 29 நிமிடம். மீதி 46 நிமிடத்தில் என் பேச்சு மட்டும் 14 நிமிடம். நான் அவ்வளவு பேசுகிறவன் என்று வீட்டில் சொல்லும்போது நம்பியதில்லை.

நாற்பது நிமிடச் சைக்கிள், மதியத்துக் கால் மணி, மாலைத் தெரு விளையாட்டு, குடம், கடை எல்லாம் போய், அந்த இடத்தில் வந்தது 29 நிமிடம். கபடி அணியில் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளை பயிற்சி நாட்களில் முன்னைவிடக் குறைவாகத்தான் அசைந்திருக்கிறது.

பிரேக் போட்டது யார்

ரோலண்ட் சொன்ன அளவுகோல் உடம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்பது ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. இந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை உடம்பு பிரேக் போட்டதற்கு நோட்டில் சாட்சி இல்லை. உடம்புதான் கணக்கு பார்க்கிறதென்றால், அடுத்தடுத்து இரண்டு நாள் பயிற்சி முடித்து வரும் புதன்கிழமை அவள் சுருண்டிருக்க வேண்டும். புதன்தான் அவள் அதிகம் அசைந்த நாள். பிரேக் போட்டவர்கள் பெரியவர்கள்: இருட்டுக்குப் பயந்த அம்மா, பாசத்தில் பைக் எடுத்த அப்பா, "களைக்காதே" என்று வாய் விட்ட நான். யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை. தனித்தனியே பார்த்தால் எல்லாம் அக்கறை. "பிள்ளை கபடி ஆடிட்டு வருது, அதுக்கிட்ட குடத்தைக் கொடுக்காதே" என்று முதலில் சொன்னது அப்பாயி என்பதும் பிறகுதான் தெரிந்தது. அம்மாவின் குறைக்கு விதை போட்டது அந்த அக்கறை.

மாலையில் அவள் சாய்ந்துவிடுவதில் சோகைக்கும் பங்கு இருந்திருக்கும். அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. கருவியும் இல்லை. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கைப்பட எழுதிய நோட்டும், என் கைப்பேசியும்தான்.

அண்ணனின் கதை வேறு

தங்கை எழுதுவதைப் பார்த்து அவனையும் எழுதச் சொன்னேன். நாலு நாள் எழுதினான். மிச்சத்தைத் தங்கையிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவள் சொன்னதே நம்பகமாக இருந்தது.

டெல்டாவில் பையன்களுக்கு மைதானம் என்பது அறுவடை முடிந்த வயல். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்தாலும் உடனே கிடைக்காது. தரிசில் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். அதையும் பிடுங்கிய பிறகு, பங்குனி வெயிலில் வெடித்துக் கிடக்கிற தரையில்தான் ஸ்டம்ப் ஊன்ற முடியும். அதிலிருந்து மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் வரை அவர்கள் ராஜ்யம். வழக்கமாக ஜூன் 12 திறப்பு. 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28தான் திறந்தார்கள். போர்வெல் இல்லாத விவசாயிகள் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஏழு வாரமும் பையன்களுக்கு மட்டும் உபரியாகக் கிடைத்த கிரிக்கெட். அண்ணன் தினமும் நாலே முக்காலிலிருந்து ஆறேகால் வரை வயலில்தான் இருந்தான். பேட்டிங் வரிசையில் ஒன்பதாவது ஆள். பந்து எந்தப் பக்கம் போனாலும் ஓடிப்போய் எடுப்பது அவன்தான்.

ஆகஸ்டில் டிராக்டர் இறங்கியது. அதே பையன்கள், அதே நேரம், அதே வயலோரத்து மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு செல்போன். நான் ஒரு மாலை அந்த வழியாகப் போனபோது ஒருவன் நிமிர்ந்து, "சார், கேம்தான் ஆடுறோம்" என்றான். பொய்யில்லை.

அண்ணனுக்கு வாரம் பத்தரை மணி நேரம் போனதற்கு ஈடாக வேறெங்கும் ஒன்றும் கூடவில்லை. பிளஸ் ஒன் வந்ததும் டியூஷன் சேர்ந்தது. பி.டி. பீரியட் போன கதையை முன்பே சொல்லிவிட்டேன். உடம்புக்குள் அளவுகோல் இருந்தால் குறைந்ததை ஈடுகட்டவும் அது தூண்ட வேண்டும். 2000இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தில் விளையாட்டே இல்லாமல் செய்து, மாலையில் கூடுதலாக ஓடுகிறார்களா என்று பார்த்தார்கள். ஓடவில்லை. மதகுக் கட்டையில் நான் பார்த்ததும் அதைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை நாளுக்கு 60 நிமிடம் என்கிறது. முன்பு "தினமும் குறைந்தது 60" என்று இருந்ததை 2020இல் "வாரம் முழுக்கச் சராசரியாக 60" என்று மாற்றினார்கள். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருந்தது. எங்கள் பிள்ளைகளின் நாட்கள் ஒன்றுபோல் இருப்பதே இல்லை. ஆனால் சராசரியைக் காப்பாற்ற வாரத்தில் ஓரிரு நாளாவது நன்றாக ஓட வேண்டுமே. 2016 கணக்குப்படி உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85.

செய்தது

மதிய உத்தரவை மறுநாள் பிரேயரிலேயே வாபஸ் வாங்கினேன். பயிற்சியை ஐந்து இருபதுக்கு முடிப்பது என்று ஆனது. கூட்டல் கழித்தல் பார்த்தால் ஐம்பது நிமிடம்தான் மிஞ்சியது. அதற்குள் எல்லாரும் ஓட வேண்டுமே. சுண்ணாம்புப் பொடியால் தளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தளம் போட்டோம். ஏழுக்கு ஏழு இல்லை, நாலுக்கு நாலு. வெளியே நிற்க ஆளே இல்லை. என் பேச்சைத் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் அடக்கிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்டாப்வாட்ச் பிடித்தபோது ஐம்பதில் 34 நிமிடம் அசைந்திருந்தாள்.

சைக்கிள்தான் கஷ்டம். அம்மாவிடம் பேசப் போனேன். அவர் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வளைவுல ஏதாச்சும் ஒண்ணுன்னா நீங்களா சார் வருவீங்க?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதே திசையில் போகிற பிள்ளைகள் அணியில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்துதான் கிளம்ப வேண்டும், சேர்ந்துதான் போக வேண்டும் என்று பேசினோம். "ஆறு மணிக்குள்ள வாசல்ல நிக்கணும்" என்று அம்மா கறாராகச் சொன்னார். இரண்டாவது நாள் ஒருத்தி சங்கிலி கழன்றதில் ஆறு பத்து ஆகிவிட, அப்பா பைக்கோடு எதிரே வந்துவிட்டார். மூன்று சைக்கிளுக்கும் பின்னால் முதல் கியரில் உறுமிக்கொண்டே வீடு வரை வந்ததாகத் தங்கை எழுதியிருக்கிறாள்.

செப்டம்பர் முதல் இரண்டு வாரம் மறுபடி நோட்டு. பயிற்சி நாட்களில் சைக்கிள், மதிய ஓட்டம், கபடி மூன்றும் இருந்தன. தெரு விளையாட்டு திரும்பவில்லை. ஒரு குடம் திரும்பியிருந்தது. "இப்ப முன்ன மாதிரி சாயறதில்ல" என்றார் அம்மா. அதற்குள் ஒரு மாதத்துக்கு மேலாக மாத்திரையும் உள்ளே போயிருந்தது. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கியது ஆய்வாகப் பார்த்தால் தப்புதான். மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம் என்று எந்த அம்மாவிடம் கேட்பது?

குறுவட்டத்தில் இரண்டாவது சுற்றில் தோற்றோம். அவள் இரண்டு முறை பாடிப் போய் ஒரு புள்ளி எடுத்தாள்.

மழையும் மார்கழியும்

இந்த ஏற்பாடெல்லாம் ஐப்பசி வரைக்கும்தான் தாங்கியது. கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மைதானம் சொதசொதவென்று கிடந்தது. நவம்பர் கடைசி வாரத்தில் கொட்டிய மழையில் டெல்டா முழுக்கச் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. பள்ளிக்கும் விடுமுறை விட்டார்கள். பிறகு வராந்தாவில் கயிறு தாண்ட வைத்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் சத்தம் தாங்கவில்லை என்றார், நியாயம்தான். அதன் பின் அரையாண்டுத் தேர்வு. டிசம்பரில் எந்தப் பிள்ளைக்கும் அறுபது நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது, எனக்கும் கிடையாது. எங்கள் ஊரில் இந்தக் கணக்கை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதாது. பங்குனியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என்று மூன்று முறையாவது பார்க்க வேண்டும்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி கடைசியில் மூன்றாவது முறையாக நோட்டைத் திறந்தோம். பயிற்சி மறுபடி தொடங்கியிருந்தது. இருட்டும் பிரச்சினை இல்லை, தோழிகள் இருவரும் இருந்தார்கள். ஆனால் பக்கம் பக்கமாக "அப்பா பைக்ல விட்டாங்க" என்று இருந்தது. எண்ணினேன். தொடர்ந்து ஒன்பது பள்ளி நாள்.

"திரும்ப என்னம்மா ஆச்சு?"

"பின் சக்கரம் பஞ்சர் சார். ஒட்டறதுக்குப் பாபநாசம் போகணும். அப்பாவுக்கு நேரம் இல்ல, அறுப்பு நேரம், டிபிசி திறந்துட்டாங்க."

அன்று மாலையே சொல்யூஷன், ரப்பர் துண்டு, உப்புத்தாள், ஒரு கைப்பம்பு எல்லாம் வாங்கிவந்து விளையாட்டு அறை அலமாரியில், கபடி மெடல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். டியூபைக் கழற்றித் தண்ணீர் வாளியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் விலையில்லா சைக்கிளை அண்ணன் வாங்கியிருந்தானே.

"உங்க வீட்டுலதான் புது சைக்கிள் நிக்குதே. இந்த ஒன்பது நாளும் அத எடுத்துட்டு வரக் கூடாதா?"

"அது அண்ணனோடது சார்."

"அவன்தான் ஃபிரண்டு பைக்லயே வர்றானே. ஓட்டறதே இல்லையே."

"அதான் சார், இன்னும் புதுசாவே இருக்கு" என்றாள் டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல்.